லாடாவின் வழி, மாஸ்க்விச்சின் வழி

உக்ரைன் போரை அடுத்து, 2022 மே மாதம் பிரெஞ்சு கார் நிறுவனமான ரெனோ ரஷ்யாவை விட்டு வெளியேறியபோது அதன் இரண்டு இடங்கள் கைமாறின. டோலியாட்டி நகரில் லாடா கார்களைச் செய்யும் அவ்டோவாஸின் பெரும்பங்கு அரசு ஆய்வு நிறுவனமான நாமிக்குப் போனது. ரெனோவின் மாஸ்கோ கார் ஆலை மாநகர அரசுக்குப் போனது. சந்தை ஒன்றுதான், ஆனால் இரண்டும் பிழைத்த விதம் வேறு.

அவ்டோவாஸ் கையில் இருந்ததை வைத்து வண்டி செய்தது. வெளிநாட்டு உதிரிபாகங்கள் வராததால் மார்ச்சில் நின்ற உற்பத்தி, ஜூனில் 'கிரான்டா கிளாசிக்' என்ற எளிய காருடன் மீண்டும் தொடங்கியது. அதில் ஏர்பேக் இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. உயிரைக் காக்கும் பாகங்களைக் கழற்றிவிட்டு விற்றதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் மாற்று சப்ளையர்கள் கிடைக்கக் கிடைக்க அவை படிப்படியாகத் திரும்பின. 2023-இல் லாடாவின் இன்னொரு மாடலான வெஸ்டாவும் மறுபடி வந்தது. வடிவமைப்பும் பொறியாளர்களும் உள்ளூரிலேயே இருந்ததால்தான் இது முடிந்தது.

மாஸ்கோ ஆலை வேகமான வழியைப் பிடித்தது. இருபது ஆண்டுகளாக உறங்கிய மாஸ்க்விச் என்ற பழைய சோவியத் கார் பெயரை எடுத்து, ரஷ்ய லாரி நிறுவனமான காமாஸின் உதவியோடு 2022 நவம்பரிலேயே 'மாஸ்க்விச் 3' வெளிவந்தது. அடிப்படையில் அது சீனாவின் ஜேஏசி நிறுவனத்தின் கார். வாங்குபவருக்கு ஏர்பேக், தொடுதிரை எல்லாம் முதல் நாளே கிடைத்தன. சரி, ஆனால் சீனாவிலிருந்து பாகங்கள் வராவிட்டால்?

வாங்குபவராக இருந்தால் அந்த 2022-இல் மாஸ்க்விச்சைத்தான் எடுத்திருப்பேன். தொழிலாகப் பார்த்தால் என் ஓட்டு லாடாவுக்கே.