பைல் மேல நிக்கிற ரோட்டு மேடு: யூனிட் செல்லா, 2டியா, 3டியா?

தேங்காய்பட்டணம் பக்கம் ஏவிஎம் கால்வாய ஒட்டுன ஒரு ஏலாவுல (தாழ்வான வயல்ல) பாலத்துக்கு ஏறுற அப்ரோச் ரோடு, அதுக்கு கம்ப்யூட்டர்ல மாடல் பண்ற வேலை எனக்கு வந்துது. மண்ண சோதிக்க போர்ஹோல் போட போன அன்னைக்கே அங்க மாடு கட்டிட்டிருந்த தாத்தா சொன்னாரு, "மக்கா, இடவப்பாதி மழை பெய்ஞ்சா இதுல எறங்குன மாடு முட்டு வரை தாழ்ந்திரும்"னு. லேப் ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு.

டிசைன் இதான்: 4 மீட்டர் ஃபில் (கொட்டி உயர்த்துற மண்ணு), சேத்துக்குள்ள 2.5 மீட்டருக்கு ஒரு பைல் (எறக்குற தூண்), பைல் தலையில 1 மீட்டர் சதுர கேப், அதுக்கு மேல ஜியோகிரிட்ங்கிற பலமான வலை. ஃபில் கன மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன்னு வச்சா ஒரு பைலோட பங்கு 6.25 சதுர மீட்டர், அதாவது 500 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 50 டன். ஆனா கேப் மூடுறது பரப்புல 16 சதவீதம்தான். மிச்ச 84 சதவீதத்து மேல நிக்கிற மண்ணோட பாரம் கொஞ்சம் ஆர்ச்சிங்ல, அதாவது மண்ணுக்குள்ளேயே வளைவு மாதிரி உருவாகி, நேரா கேப்புக்கு போகும், கொஞ்சத்த ஜியோகிரிட் தொய்ஞ்சு இழுத்துட்டு போகும், மிச்சம் சேத்து மேல எறங்கும். இந்த மூணு பங்கையும் எந்த மாடல் சரியா பிரிக்குதுங்கிறதுதான் விஷயம்.

யூனிட் செல் ரொம்ப சுளுவு, ஒரு பைல், அத சுத்தி ஒரு வட்டம், ஆக்சி-சிமெட்ரிக்ல (நடு அச்ச சுத்தி எல்லா பக்கமும் ஒண்ணுபோலன்னு வச்சு) அஞ்சு நிமிஷத்துல ரன் முடியும். வட்டத்தோட விட்டம் இடைவெளிய 1.13 ஆல பெருக்குனா வரும், நமக்கு 2.82 மீட்டர். மேட்டோட நடுப்பகுதில செட்டில்மென்ட்டும் (மண்ணு அமுங்குறது) ஆர்ச்சிங்கும் எப்படி போகும்னு பாக்க இது போதும். ஆனா சதுர அடுக்குல குறுக்கால பாத்தா கேப் மூலைக்கு மூலை இடைவெளி 2.12 மீட்டர், வட்டமாக்குனா அது 1.69 ஆ சுருங்கிடுது, மேடு அதிகமா தொய்யுற இடமே அதுதான். அதோட வெளி எல்லை பக்கவாட்டுல நகராதுன்னு பூட்டி வச்சிருக்கோம், அப்புறம் சரிவு வெளிய தள்ளுறது எப்படி தெரியும்?

பிளேன் ஸ்ட்ரெயின்லதான், அதாவது ரோட்டோட குறுக்குவெட்ட மட்டும் பாக்குற 2டி மாடல்லதான், நெறைய பேர் சறுக்குறாங்க, நானும் முதல்ல சறுக்குனேன். 2டில பைல் வரிசை முழுக்க ஒரு சுவரா மாறிடும். கேப்ப 1 மீட்டராவே வரைஞ்சு விட்டா 2.5க்கு 1, அதாவது 40 சதவீதம் மூடிடுது, நெசம் 16தான், ரிசல்ட் அழகா வரும், நம்பிடாதீங்க. சரி, பரப்ப காப்பாத்தணும்னு 0.4 மீட்டர் சுவரா வச்சா இடைவெளி 1.5 இல்லாம 2.1 ஆயிடுது, குவிமாடம் மாதிரி நாலு பக்கமும் ஏறி உக்கார வேண்டிய ஆர்ச் ரெண்டு சுவருக்கு நடுவுல வெறும் வளைவா நிக்குது. சேறு பைலுக்கு இடையில நழுவி போறதையும் சுவர் தடுத்திடும். அந்த ஒண்ணுக்கு பிளாக்சிஸ் 2டிங்கிற சாஃப்ட்வேர்ல பைல் வரிசைக்குன்னே இருக்குற எம்பெடட் பீம் ரோ நல்ல மருந்து, மண்ணு பைல தாண்டி நகர முடியும். சரிவோட ஸ்டெபிலிட்டிக்கு நான் இன்னைக்கும் இததான் வச்சிருக்கேன். ஜியோகிரிட் இழுவிசைய மட்டும் இதுலருந்து எடுக்க மாட்டேன்.

அதுக்கு 3டி துண்டு. முழு மேடு வேண்டாம், பைல் நடுவுலருந்து அடுத்த இடைவெளி நடு வரைக்கும் 1.25 மீட்டர் தடிமன்ல ஒரு ஸ்லைஸ், ரோட்டோட மையத்துலருந்து சரிவு தாண்டி வெளி வரைக்கும். குறுக்கு தொய்வு, பக்கத்து கேப்புகளுக்கு நடுவுல இழுவிசை கூடுறது, ஓரத்து பைல் வளையுறது எல்லாம் இதுல தெரியும். ராத்திரி ரன் போட்டா காலைல கிடைக்கும். கேப் விளிம்புல மெஷ்ஷ நெருக்கமா வைங்க, உச்ச இழுவிசை அங்கதான்.

எந்த மாடலானாலும், வடிவம் மாற மாற அதுக்கேத்தபடி கணக்கு போடுற அப்டேட்டட் மெஷ் போடாம விடாதீங்க. கொடிக்கயிறுல ஈரத்துணி போட்டா கயிறு தொய்ஞ்சாதானே பாரத்த தாங்கும், வடிவம் மாறினத கணக்குல எடுக்கலன்னா தட்டையா கெடக்குற ஜியோகிரிட் மேலருந்து வர்ற பாரத்த தூக்காது, ஜியோகிரிட்டால பெருசா பிரயோஜனம் இல்லன்னு தப்பா முடிவு பண்ணிடுவோம். ஃப்ளாக்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்ல லார்ஜ் ஸ்ட்ரெயின் போட்டா இது தானா நடக்கும், அந்த வகைல எனக்கு அது பிடிக்கும். டெம் (டிஸ்க்ரீட் எலிமென்ட் முறை) கல்லு கல்லா கணக்கு போடும், ஆராய்ச்சிக்கு அருமை, சைட் வேலைக்கு நேரம் கிடையாது.

கை கணக்கையும் விட்டுடாதீங்க. பிஎஸ் 8006ங்கிற பிரிட்டிஷ் விதி படி ஃபில் உயரம், கேப்புக்கும் கேப்புக்கும் நடுவுல இருக்குற 1.5 மீட்டர் இடைவெளிய போல 1.4 மடங்குக்கு மேல இருந்தா முழு ஆர்ச்சிங், நமக்கு 2.1 மீட்டர், ஃபில் 4 மீட்டர், தாராளம். ஆனா அது அடிமண்ணு தாங்குறத கணக்குலயே சேக்காது. ஜெர்மனியோட எப்ஜியோவும் நெதர்லாந்தோட கூர் 226ம் (ரெண்டும் அந்தந்த நாட்டு டிசைன் வழிகாட்டி), அடிமண்ணு நம்பகமா தாங்கும்னா சேத்துக்கலாம்னு விடுது. இங்க அந்த நம்பகம்தான் எனக்கு இல்ல. குட்டநாட்டுல பெட்டியும் பறையும்ங்கிற பம்ப் வச்சு வெள்ளத்த வெளிய எறைச்சு புஞ்சை நெல்லு போடுற மாதிரி பக்கத்துல யாராவது நீர்மட்டத்த எறக்கினா போதும், சேறு ஜியோகிரிட்ட விட்டு கீழ எறங்கிடும். அதனால 3டி துண்டுல கடைசியா ஒரு ரன், ஜியோகிரிட்டுக்கு அடியில மண்ணே தாங்காத மாதிரி வெற்றிடம் விட்டு போட்டேன், ஜியோகிரிட்டோட பலத்த அந்த ரன்ல வந்த இழுவிசைக்குதான் தேர்ந்தெடுத்தேன்.