மூளைக்கு ஆக்சிஜன் போதுகிறதா: கழுத்துச் சிரையில் பார்ப்பதா, மூளைக்குள்ளேயே பார்ப்பதா?

பலத்த தலைக்காயத்தோடு ஐசியுவில் மயங்கிக் கிடப்பவருக்கு மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. அழுத்தம் சரியாக இருக்கும்போதே மூளை ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கலாம். அதைப் பிடிக்க முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, மூளையிலிருந்து ரத்தம் இறங்கிவரும் ஜுகுலர் என்ற கழுத்துச் சிரையில் கதீட்டரை (மெல்லிய குழாய்) மேல்நோக்கி, மண்டையோட்டின் அடிவரை செலுத்துவது. திரும்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார்கள். 55 முதல் 75 சதவீதம் இயல்பு. 50க்குக் கீழே போனால் வரத்து பற்றவில்லை என்று அர்த்தம். 75ஐத் தாண்டினால் சந்தோஷப்பட முடியாது. ரத்தம் தேவைக்கு மேல் பாய்கிறது, இல்லையென்றால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள வேண்டிய செல்களே செத்துக்கொண்டிருக்கின்றன.

இதில் தொல்லைகளும் உண்டு. கதீட்டர் நுனி கொஞ்சம் கீழே இறங்கினாலோ, மாதிரியை வேகமாக உறிஞ்சினாலோ முகத்து ரத்தம் கலந்து அளவு பொய்யாக ஏறிவிடும். அதனால் நுனி இருக்கும் இடத்தை எக்ஸ்ரேயில் உறுதி செய்ய வேண்டும். பெரிய குறை வேறு: கிடைப்பது சராசரிதான். ஊர் முழுக்கக் கரண்ட் இருக்கும்போது ஒரு தெரு மட்டும் இருண்டு கிடந்தால் மெயின் மீட்டரில் தெரியாதே!

அந்தத் தெருவைப் பார்ப்பதுதான் இரண்டாவது வழி. மண்டையில் சிறு துளையிட்டு மெல்லிய சென்சாரை மூளைத்திசுவுக்குள் வைக்கிறார்கள். திசுவில் இருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 20 மிமீ பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. ஆனால் நுனியைச் சுற்றிய சில மில்லிமீட்டர்தான் அதற்குத் தெரியும். கன்றிப்போன இடத்துக்குள்ளேயே வைத்தால் அளவு எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அமெரிக்காவில் நடந்த பூஸ்ட்-2 ஆய்வு (2017) இந்த அளவைப் பார்த்துச் சிகிச்சை தந்தால் ஆக்சிஜன் குறையும் நேரம் குறைகிறது என்று காட்டியது. பிரான்ஸின் ஆக்ஸி-டிசி ஆய்விலோ (2023) 6 மாதம் கழித்து நோயாளிகளின் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை.

காயம் ஓரிடத்தில் என்றால், வசதியும் இருந்தால், நான் சென்சார் பக்கம்தான். ஆனால் மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்க வென்டிலேட்டரில் மூச்சைக் கூட்டும்போது கழுத்துச் சிரைக்கே என் ஓட்டு. மூச்சைக் கூட்டினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும்; அது குறையக் குறைய மூளை முழுக்க ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்தச் சுருக்கம் கூடிப்போனதா என்பதைச் சிரை ரத்தம் உடனே சொல்லிவிடும். சாதாரண கதீட்டரும் ரத்த வாயுப் பரிசோதனைக் கருவியும் இருந்தாலே அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நெற்றியில் ஒட்டும் ஒளி சென்சாரும் இருக்கிறது. ஊசி இல்லை, துளை இல்லை. ஆனால் தோலின் ரத்தமும் உள்ளே கட்டிய ரத்தமும் அளவைக் குழப்பும் என்பதால், தலைக்காயத்தில் அதை மட்டும் நம்ப மாட்டேன்.