80 நிமிடத்தில் ஜெரி கார்சியா: ஓடாசிட்டியில் செய்த ஒரு வீட்டுத் தொகுப்பு

ஓடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குரல் பதிவு செய்வதைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் அதைப் பாவித்தது வேறொரு வேலைக்கு. ஜெரி கார்சியாவின் மேடைப் பதிவுகளிலிருந்து எனக்குப் பிடித்த பகுதிகளைப் பொறுக்கி, வெட்டி, இணைத்து, மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் வான் ஓட்டும் என் மச்சானுக்கு ஒரு சீடி செய்தேன். அவனுடைய வானில் இன்னமும் சீடி பிளேயர்தான். இந்த வேலைக்கு ஓடாசிட்டி மிக நல்லது. காசு கொடுத்து எதையும் வாங்கும் தேவை எனக்கு வரவில்லை. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கார்சியா, கிரேட்ஃபுல் டெட் என்ற கலிஃபோர்னியா இசைக்குழுவின் கிற்றார்காரர். 1942இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார், 1995 ஓகஸ்ட்டில் இறந்தார். நாலு வயதில், விறகு வெட்டும்போது நடந்த விபத்தில் வலது கை நடுவிரலின் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் கையால்தான் ஒவ்வொரு சுரத்தையும் அத்தனை துலக்கமாகத் தட்டி எடுத்தார். முப்பது வருடத்தில் அந்தக் குழு 2,300க்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. ஒரே பாட்டு ஓர் இரவில் வாசித்தது போல இன்னோர் இரவில் இருக்காது. மாமாங்கேஸ்வரர் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தைப் பிடித்துவிட்டு, அதைவிட்டு வெளியே வர மனமில்லாமல் நிற்பாரே, கார்சியாவும் அப்படி நிற்பவர். ஸ்டூடியோவில் பதிந்த இசைத்தட்டுகளில் அது கிடைக்காது.

தாண்டவன்வெளியில் பறங்கியரின் கலியாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா என்ற அவர்களின் ஆட்டத்துக்குக் கிற்றார் அடிப்பதைக் கேட்டுத்தான் எனக்கு இந்தக் கருவியில் ஆசை வந்தது. அங்கே கிற்றார் தாளத்தை விட்டு அசையாது, ஆடுகிறவர்களின் காலுக்காக வாசிப்பது அது. கார்சியாவை முதலில் கேட்டபோது இதே கருவியால் இப்படியும் அலையலாமா என்று இருந்தது.

பதிவுகள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். இந்தக் குழு, ரசிகர்கள் மைக்கைக் கொண்டுவந்து பதிவதைத் தடுக்கவில்லை. 1984 ஒக்டோபரிலிருந்து பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். விற்காமல் ஆளுக்காள் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் நிபந்தனை. இன்று அந்தக் கசெட்டுகளில் பெரும்பாலானவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. ரசிகர்கள் அரங்கிலிருந்து பதிந்ததை டவுன்லோட் செய்யலாம். ஒலிக் கலவை மேசையிலிருந்து நேரே எடுத்த சவுண்ட்போர்ட் பதிவுகளை 2005இன் கடைசியிலிருந்து கேட்க மட்டுந்தான் விடுகிறார்கள். அந்தக் கோட்டை நான் தாண்டவில்லை. டவுன்லோட் செய்ய விடாததை, விற்பனைக்கு வந்த வெளியீடாக வாங்கினேன். ஃபிளாக் எனப்படும், தரம் குறையாத ஒலிக் கோப்புகள் பெரியவை, ஒரு கச்சேரியே பல நூறு எம்பி வரும். இரவு டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்தில் இறக்குவது நல்லது.

சீடியில் 80 நிமிடம் பிடிக்கும். அதற்குள் கார்சியாவைக் காட்ட வேண்டும். நான் எடுத்தவை: 1972 ஓகஸ்ட் 27, ஒரெகன் மாநிலத்தின் வெனெட்டாவில் வாசித்த 'டார்க் ஸ்டார்', அது மட்டும் 31 நிமிடம். 1977 மே 8, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்', அதிலிருந்து இடைவெளியில்லாமல் 'ஃபயர் ஒன் த மவுன்டன்', பிறகு அதே இரவின் 'மோர்னிங் டியூ'. கடைசியில் 1980இல் மின்சாரக் கிற்றார் இல்லாமல் வாசித்த 'பேர்ட் சோங்'. இவ்வளவும் வைத்தால் மீதி கொஞ்சம்தான்.

இனித்தான் ஓடாசிட்டியின் வேலை. வெனெட்டாப் பதிவு 16 தடங்களில் எடுத்து 2013இல் முறையாக வெளிவந்தது. கோர்னெல் கச்சேரியை நான் ரசிகர் ஒருவர் மண்டபத்தின் நடுவிலிருந்து பதிந்த கசெட்டிலிருந்து எடுத்தேன். அதற்கும் 2017இல் வந்த தெளிவான வெளியீடு உண்டு, ஆனாலும் 'மோர்னிங் டியூ' உச்சத்துக்குப் போகும்போது சனம் எழுப்பும் ஓசை அந்தக் கசெட்டில் இருக்கிற மாதிரி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காதுக்கு இடிக்கும். ஒன்று முகத்துக்கு நேரே ஒலிக்கிறது, மற்றது நாற்பது அடி தூரத்திலிருந்து.

வெனெட்டாவில் இன்னொரு சிக்கல். அன்று 'டார்க் ஸ்டார்' முடிந்து கைதட்டல் வரவில்லை, நேரே 'எல் பாசோ' என்ற கௌபோய்ப் பாட்டுக்குள் போய்விடுகிறார்கள். எங்கே வெட்டுவது? கார்சியாவின் கிற்றாரில் கடைசி இசை வாக்கியம் முடிகிற இடத்தை ஹெட்போனில் தேடி, அதே கச்சேரியின் வேறோர் இடத்திலிருந்து சனத்தின் இரைச்சலை எடுத்து அடியில் விரித்து, மெல்ல மெல்ல குறைத்தேன். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளேயே கோர்னெல் மண்டபத்தின் இரைச்சலை ஏற்றினேன். இரண்டு தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படுகிற மாதிரி வைத்து, படுகிற பகுதியைத் தெரிவுசெய்து 'குரொஸ்ஃபேட்' கொடுத்தால் போதும், ஒன்று மெல்ல இறங்க மற்றது மெல்ல ஏறும். அதில் 'கொன்ஸ்டன்ட் கெயின்', 'கொன்ஸ்டன்ட் பவர்' என்று தெரிவுகள் வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஒலிகளை இணைக்கும்போது பவர்தான் சரி. கெயினில் செய்தால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும், கைதட்டல் திடீரென்று வாடிப்போகும். 3.1 பதிப்புக்குப் பிறகு வெட்டிய துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெட்டுப்பட்ட பகுதி திரும்ப வருகிறது. இணைப்பு வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

வேகத்தையும் பார்க்க வேண்டும். கசெட்டுகள் சரியான வேகத்தில் ஓடியிருக்கும் என்று நம்பக்கூடாது. என் கிற்றாரை ட்யூனரில் சரிசெய்துவிட்டுப் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். இரண்டு சதவீதம் வேகம் கூடினாலே சுருதி அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிவிடும். 'சேஞ்ச் ஸ்பீட் அன்ட் பிட்ச்' என்பதில் சதவீதத்தைக் கொடுத்தால் வேகமும் சுருதியும் ஒன்றாக இறங்கும். சுருதியை மட்டும் அல்லது வேகத்தை மட்டும் மாற்றுகிற மற்ற இரண்டு கருவிகளைத் தொட வேண்டாம், கசெட்டின் தவறு அப்படிப்பட்டது அல்ல. வெனெட்டாவில் மட்டும் கை வைக்கவில்லை. அன்றைய வெயிலில் கருவிகளே சுருதி விலகிக்கொண்டிருந்தன, அது அந்தக் கச்சேரியின் உண்மை. மட்டக்களப்பில் சித்திரை மாதம் வெளி மேடையில் வாசித்தவர்களுக்கு விளங்கும்.

'நொய்ஸ் ரிடக்ஷன்' நிறையப் பேர் புகழ்கிற வசதி. நான் வேண்டாம் என்பேன். கசெட்டின் இரைச்சலோடு சேர்த்து ட்ரம்ஸில் உள்ள சிம்பல் தட்டின் வால் ஒலியையும் அது தின்றுவிடுகிறது, மிச்சம் இருப்பது தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒலிக்கும். இரைச்சல் இருக்கட்டும். ஒலி அளவைச் சமப்படுத்த 'லவுட்னெஸ் நோர்மலைசேஷன்' உண்டு, அதை ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் போடாமல், ஒரு கச்சேரிக்கு ஒரு முறை போடுங்கள். தனித்தனியாகப் போட்டால், ஒரு கச்சேரியின் பாட்டுகளுக்கிடையில் இருந்த ஏற்ற இறக்கம் குலைந்துவிடும்.

சீடிக்கென்று ஒரு நுணுக்கம். சீடியில் ஒரு வினாடி 75 துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒரு தடம் அந்தத் துண்டுகளின் எல்லையில்தான் முடியலாம். நடுவில் வெட்டினால் எரிக்கிற மென்பொருள் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். 'ஸ்கார்லெட்'டுக்கும் 'ஃபய'ருக்கும் இடையில் அப்படி ஒரு 'டிக்' விழுந்தால் எல்லாம் பாழ். ஓடாசிட்டியில் நேர அளவை 'சீடிடிஏ ஃபிரேம்ஸ்' என்று மாற்றி, அந்த எல்லைகளிலேயே ஒட்டச் செய்யலாம். பிறகு கன்ட்ரோல் பி அழுத்தி ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் லேபல் வைத்தால், ஏற்றுமதி செய்யும்போது அதுவே தனித்தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுக்கும். பெயரும் லேபலில் இருந்தே வரும்.

குறைகள். ஓடாசிட்டி சீடி எரிக்காது, அதற்கு வேறு மென்பொருள் வேண்டும். அதில் 'டிஸ்க் அட் வன்ஸ்' தெரிவுசெய்யாவிட்டால் பாட்டுகளுக்கிடையில் இரண்டு வினாடி வெற்றிடம் வரும். திட்டக் கோப்பு பெருக்கும்: 80 நிமிட ஸ்டீரியோ, 32 பிட்டில் ஏறத்தாழ 1.7 ஜிபி, ஒவ்வொரு எஃபெக்டுக்கும் இன்னும் ஏறும். மூடித் திறந்தால் 'அன்டூ' வரலாறு போய்விடுகிறது, இது பெரிய எரிச்சல். 2021இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் இதை வாங்கியபோது தரவு சேகரிப்பு பற்றி எழுந்த சர்ச்சையும் உண்டு, அமைப்புகளில் அதைப் பார்த்து நிறுத்திவையுங்கள்.

ஆனால் ஒன்றுக்காக நான் இதை விடமாட்டேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போன காலத்தில், பேட்டரி செத்த என் லேப்டொப் நடு வேலையில் அணைந்திருக்கிறது. திறந்தவுடன் ஓடாசிட்டி விட்ட இடத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தது. வெட்டிய ஒரு இணைப்பும் இழக்கவில்லை.

மச்சான் போட்டுப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தான். “என்ன மச்சான், இது மன்னம்பிட்டிப் பாலத்தில தொடங்கிச்சு, பொலன்னறுவை வந்தும் முடியல்ல! ஆனா நிப்பாட்ட மனம் வரல்ல கா. மறுகா அந்தச் சனம் கத்துற பாட்டு, அத ரெண்டு தரம் போட்டன்.” அவன் சொன்னது 'மோர்னிங் டியூ'. ஒரு பிரயாணி பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போனாராம்.

வெறும் சீடிகளை நல்லதாகப் பார்த்து வாங்கி, மாரி காலத்தில் உறையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், நம்மூர் ஈரம் பொல்லாதது. அடுத்த சீடிக்கு 1990 மார்ச் 29, நியூயோர்க் மாநிலத்தின் நாசோ கொலீசியம் அரங்கில் நடந்த கச்சேரியை எடுத்து வைத்திருக்கிறேன். அன்று சாக்ஸபோன்காரர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் முதலில் சேர்ந்து வாசித்ததும் 'பேர்ட் சோங்'கில்தான். முதல் சீடி முடிந்த பாட்டிலேயே இரண்டாவதைத் தொடங்கலாம்.