எம்ஜிபி இன்ஜினுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவல்: டார்க் அளவுகளுக்கு இதை நம்பலாமா?

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காரின் 1798 சிசி இன்ஜினைப் பிரித்துக் கட்டுபவருக்கு டார்க் அளவுகள், அதாவது ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்க வேண்டும் என்ற எண்கள், கிடைக்காமல் போவதில்லை. ஆளுக்கொரு எண்ணாகக் கிடைப்பதுதான் தொல்லை. அப்படி முரண்படும்போது தயாரிப்பாளரே வெளியிட்ட ஒர்க்‌ஷாப் மேனுவலின் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏகேடி 3259 என்ற வெளியீட்டு எண் கொண்ட அந்த மேனுவலின் மறுபதிப்பை, டார்க் அளவுகளுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்ற கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

அளவுகளை ஒரே அட்டவணையில் தொகுத்துத் தந்திருப்பது இதன் முதல் சிறப்பு. மெயின் பேரிங் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது) நட்டுக்கு 70, பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் முனை) போல்ட்டுக்கு 35 முதல் 40, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) நட்டுக்கு 45 முதல் 50, ஃபிளைவீலுக்கு 40, மேனிஃபோல்டு நட்டுக்கு 15 என எல்லாம் பவுண்டு-அடியில் உள்ளன. பக்கத்திலேயே கிலோகிராம்-மீட்டர் கணக்கும் உண்டு. இறுக்கும் அளவைக் காட்டும் இன்றைய டார்க் ரெஞ்சில் நியூட்டன்-மீட்டர் மட்டும் இருந்தால் 1.356 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஹெட் நட்டுக்கு அது ஏறக்குறைய 61 முதல் 68 வரை வரும். இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள டேப்பெட் கவருக்கோ வெறும் 2 பவுண்டு-அடிதான். ஹெட்டுக்குப் பயன்படுத்தும் பெரிய ரெஞ்ச் இந்த அளவை உணரவே உணராது. எண்ணெய் கசிகிறதென்று அந்தக் கவரை மேலும் மேலும் முறுக்கித் தகட்டை வளைத்துவிட்டு, முன்பைவிட அதிகமாகக் கசிய விடுவது பழைய கார் பட்டறைகளில் சாதாரணமாக நடப்பதுதான்.

எண்களைவிட, அவற்றை எந்த நட்டில் எந்த வரிசையில் செலுத்துவது என்ற விளக்கத்துக்காகவே இந்த மேனுவலுக்குக் காசு கொடுக்கலாம். ஹெட்டைப் பிடித்திருக்கும் பதினோரு நட்டுகளில் நான்கு, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட் பிராக்கெட்டுகளையும் சேர்த்தே பிடிக்கின்றன. அதே பிராக்கெட்டுகளில் 25 பவுண்டு-அடிக்கு மட்டுமே இறுக்க வேண்டிய சிறிய நட்டுகளும் உள்ளன. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால், பெரியதற்குரிய அளவைச் சிறியதன் மேல் ஏற்றினால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் திருகுத் தண்டின்) மரை போய்விடும். ராக்கரை மட்டும் கழற்றுவதாக இருந்தாலும் தண்ணீரை வடித்துவிட்டு, வெளிப்பக்க ஏழு நட்டுகளையும் கூடவே தளர்த்த வேண்டும் என்றும், இல்லாவிட்டால் ஹெட் கோணிப்போய் சிலிண்டருக்கும் சம்ப்புக்கும் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கும்) தண்ணீர் இறங்கலாம் என்றும் மேனுவல் எச்சரிக்கிறது. வெறும் எண்களை மட்டும் பட்டியலிடும் தாள்களில் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் கூடாது. பிந்தைய இன்ஜின்களில் பிக் எண்டுக்குப் பன்னிரண்டு பக்க நட்டு வந்துவிட்டதால் அதற்கு 33 பவுண்டு-அடி என்ற தனி அளவு உண்டு; எனவே கையில் இருக்கும் நட்டைப் பார்க்காமல் எண்ணைத் தேடுவதில் பயனில்லை. ஏஆர்பி போன்ற நிறுவனங்களின் ஸ்டட்டுகளை மாற்றிப் போட்டிருந்தால் அந்த நிறுவனம் தரும் அளவையும் மசகையுமே பயன்படுத்த வேண்டும். நாம் கொடுக்கும் விசையில் பெரும்பங்கு உராய்விலேயே கரைந்துவிடுவதால், காய்ந்த மரையிலும் எண்ணெய் தடவிய மரையிலும் ஒரே எண் ஒரே பிடிமானத்தைத் தராது. நம் ஊர் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபி இன்ஜின் சேர்ந்த இதே பி-சீரிஸ் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்காக இந்த எண்களை அதற்குப் பொருத்திப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதற்கு அதன் மேனுவலே பேச வேண்டும்.

மறுபதிப்பின் அச்சு பற்றிச் சொல்வதானால், கோட்டுப் படங்கள் தெளிவாக இருக்கின்றன, புகைப்படங்கள் கருத்துப் போயிருக்கின்றன. வாங்கும் முன் இன்ஜின் எண்ணின் முன்னொட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 18ஜி, 18ஜிஏ ஆகியவை மூன்று மெயின் பேரிங் கொண்டவை, 18ஜிபி முதல் ஐந்து. உங்கள் இன்ஜினை உள்ளடக்கிய பதிப்புதானா என்பதை விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குவது நல்லது.