பில் பாதியாகும் என்று சொல்லித் தலையில் கட்டிய 16 கிலோவாட் ஹீட் பம்ப்

கேஸ் பாய்லரையோ ஆயில் பாய்லரையோ கழற்றிவிட்டு மின்சார ஹீட்டிங்குக்கு மாறப் போகிறவர்கள், கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே ஒரு வீட்டில் நடந்த வேலைதான். செய்த கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு இதையே செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த வீட்டில் வருடத்துக்கு 22,000 யூனிட் கேஸ் எரிந்துகொண்டிருந்தது (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி). பாய்லரின் திறன் 85 சதவீதம். ஆக வீட்டுக்குள் வந்து சேர்ந்த வெப்பம் 18,700 யூனிட். அதில் வெந்நீருக்குச் சுமார் 3,000, மிச்சம் அறைகளுக்கு. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிற ஹீட் பம்ப்பை ஒழுங்காகப் போட்டிருந்தால், 1 யூனிட் கரண்டுக்கு 3.2 யூனிட் வெப்பம் எதிர்பார்க்கலாம். அதாவது வருடத்துக்கு 5,800 யூனிட் கரண்டில் கதை முடிந்திருக்கும். முதல் வருடம் மீட்டரில் ஓடியது 11,000.

இதில் லாபமா நஷ்டமா என்பதைக் கண்டுபிடிக்க விற்பனைக்காரர் தேவையில்லை. ஒரு யூனிட் கரண்டின் விலை, ஒரு யூனிட் கேஸின் விலையைப் போல எத்தனை மடங்கு என்று இரண்டு பில்களையும் வைத்துப் பாருங்கள். அந்த மடங்கை பாய்லரின் திறனால் பெருக்குங்கள். மூன்றரை மடங்கு என்றால் 3.5 × 0.85 = 2.98. ஹீட் பம்ப்பின் வருடச் சராசரி இந்த எண்ணைத் தாண்டினால்தான் கையில் காசு மிஞ்சும். இந்த வீட்டுக்குக் கிடைத்த சராசரி 18,700 ÷ 11,000, அதாவது 1.7. பாதியாகும் என்ற பில் முக்கால் பங்கு கூடிவிட்டது. (பில்லில் கேஸ் கன மீட்டரில் இருந்தால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10.5 யூனிட் என்று வையுங்கள். ஹீட்டிங் ஆயில் லிட்டருக்குச் சுமார் 10.)

கொட்டேஷனில் திறன் 4.6 (1 யூனிட் கரண்டுக்கு 4.6 யூனிட் வெப்பம்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை. வெளியே 7 டிகிரி, ரேடியேட்டருக்கு (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடு) போகும் தண்ணீர் 35 டிகிரி என்ற நிலையில் சோதனைக்கூடத்தில் அளந்த எண் அது. இந்த வீட்டில் தண்ணீர் ஓடியது 60 டிகிரியில். எந்த வெளி வெப்பநிலைக்கு, எந்தத் தண்ணீர் வெப்பநிலைக்கு என்று பக்கத்தில் எழுதாத திறன் எண்ணை எண்ணாகவே மதிக்காதீர்கள்.

இனி, தவறு எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம். “பழைய பாய்லர் 24 கிலோவாட் சார், நாங்கள் 16 போடுகிறோம், தாராளமாகப் போதும்” என்றார்களாம். அறைகளை அளக்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, பரண் மேல் இன்சுலேஷன் இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கவில்லை. ஷவரைத் திறந்த உடனே வெந்நீர் தருகிற வகை பாய்லர் 24 கிலோவாட் இருப்பது அந்த ஷவருக்காக, வீட்டைச் சூடாக்க அல்ல. வீட்டின் உண்மையான தேவை பழைய பில்லிலேயே ஒளிந்திருக்கிறது. வெந்நீர் போக அறைகளுக்குப் போன 15,700 யூனிட்டை 2,000 முழுநேர மணிகளால் (வருடத் தேவை முழுவதையும் முழு வேகத்திலேயே தந்தால் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதன் தோராயம்) வகுத்தால் 8 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. இது குத்துமதிப்புதான். முறையான கணக்கு அறை அறையாகப் போடுவது: சுவர், கூரை, ஜன்னல் ஒவ்வொன்றின் பரப்பையும் அதன் வெப்பக் கடத்தல் எண்ணாலும், உள்ளே வெளியே உள்ள டிகிரி வித்தியாசத்தாலும் பெருக்கி, காற்றோடு வெளியேறும் வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். ஆனால் குத்துமதிப்பே 8 என்று சொல்லும்போது 16 வந்து நிற்பது எப்படி?

பெரிசாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஹீட் பம்ப்பில் அது நேர் எதிர். 16 கிலோவாட் மெஷின் எவ்வளவு குறைத்து ஓடினாலும் 5 கிலோவாட் அளவுக்குக் கீழே இறங்கத் திணறும். மிதமான குளிர் நாளில் வீடு கேட்பது 2 கிலோவாட். அதனால் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இந்த மெஷினின் உள் மெனுவில் இருந்த எண்கள்: கம்ப்ரஸர் ஓடிய நேரம் 2,100 மணி, ஸ்டார்ட் ஆன தடவை 14,000. வகுத்துப் பாருங்கள், ஒரு ஓட்டத்துக்கு 9 நிமிடம். சூடேறி நிதானத்துக்கு வருவதற்குள் அணைந்துவிடுகிறது. கரண்டும் வீண், கம்ப்ரஸரின் ஆயுளும் வீண்.

அடுத்தது ரேடியேட்டர். “இருக்கிறதே போதும், மாற்றுகிற செலவு உங்களுக்கு மிச்சம்” என்றார்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள், காரணம் கேட்க இனிப்பாக இருக்கிறது. ரேடியேட்டரின் அளவு எண், தண்ணீர் 75 டிகிரியில் நுழைந்து 65-ல் வெளியேறி, அறை 20 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. சராசரி வித்தியாசம் 50 டிகிரி. ஹீட் பம்ப்புக்குப் பிடித்தமான 45-க்கு இறக்கினால் (வெளியேறுவது 40-ல்) வித்தியாசம் 22.5 ஆகிவிடும், ரேடியேட்டர் தரும் வெப்பம் சுமார் 35 சதவீதமாகச் சுருங்கும். பாதிக்குப் பாதி என்று குறையாது, அதைவிட வேகமாகக் குறையும். வீட்டிலிருந்த ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்ந்து 14 கிலோவாட். 45 டிகிரியில் அவை தருவது 5 கிலோவாட்தான். தேவை 8. ஒற்றைத் தகடு ரேடியேட்டர்களை அதே நீள உயரத்தில் இரட்டைத் தகடாக மாற்றியிருந்தாலே பெரும்பாலான இடைவெளி அடைபட்டிருக்கும், சுவரில் புது இடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. அதைச் செய்யாமல் தண்ணீரின் சூட்டை 60-க்கு ஏற்றி, வருடம் முழுக்க அங்கேயே பூட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஒரு டிகிரி கூடினால் திறன் ஏறக்குறைய 2 சதவீதம் சரியும். 15 டிகிரிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொடுங்குளிர் நாளில்கூட அந்த ரேடியேட்டர்களுக்கு 55 போதுமானதாக இருந்திருக்கும். மற்ற நாட்களில், வெளியே குளிர் குறையக் குறையத் தண்ணீர்ச் சூட்டைத் தானாக இறக்கும் அமைப்பு மெஷினிலேயே இருந்தது. அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

குழாயும் விட்டுவைக்கவில்லை. பாய்லர் 20 டிகிரி வித்தியாசத்தில் தண்ணீரைச் சுற்றவிடலாம். ஹீட் பம்ப்புக்கு வித்தியாசம் சுமார் 5 டிகிரிதான், அதனால் அதே வெப்பத்தைக் கொண்டுபோக நாலு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். 8 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 23 லிட்டர், 16-க்கு 46. பழைய 22 மில்லிமீட்டர் செம்புக் குழாயில் 46 லிட்டரைத் தள்ளினால் விநாடிக்கு 2.4 மீட்டர் வேகம். சுவருக்குள் இரவெல்லாம் சீறல் சத்தம் கேட்காமல் என்ன செய்யும்? தண்ணீர் போதவில்லை என்று மெஷின் எரர் காட்டி நின்றதும், ‘தீர்வு’ என்று நடுவில் ஒரு பஃபர் டேங்க் (மெஷினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீரைத் தேக்கும் தொட்டி) வைத்தார்கள், அதற்குத் தனி பில். டேங்க்குக்குள் போகிற சூட்டுத் தண்ணீரும் திரும்பி வருகிற தண்ணீரும் கலந்து, 60-ல் உள்ளே போனது ரேடியேட்டருக்கு 54-ல் வந்தது. ஆறு டிகிரிக்கான கரண்ட் டேங்க்கிலேயே கரைந்தது. 28 மில்லிமீட்டர் குழாயும் 8 கிலோவாட் மெஷினும் இருந்திருந்தால் வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர், டேங்க்குக்கு வேலையே இருந்திருக்காது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் வீடு சூடாகத்தான் இருந்தது. அதனால்தான் முதல் பில் வரும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹீட் பம்ப்புக்குள்ளேயே சாதாரண வெந்நீர் ஹீட்டர் போல ஒரு துணை ஹீட்டர் உண்டு, இதில் இருந்தது 3 கிலோவாட். கடுங்குளிரில் கைகொடுக்கவும், மெஷின் பழுதானால் தாக்குப்பிடிக்கவும் வைத்தது. வெளியே 5 டிகிரிக்குக் கீழே போனாலே அது ஓடும்படி செட் செய்திருந்தார்கள். குளிர்கிறது என்ற புகார் வராது, பில்லைக் கட்டுவது வேறு ஆள். ஒரு வருடத்தில் 900 மணி நேரம் ஓடியிருந்தது: 2,700 யூனிட், ஒன்றுக்கு ஒன்று என்ற திறனில்.

வெந்நீரிலும் இதே கதைதான். முன்பு எப்போதோ பயன்பட்ட பழைய டேங்க்கையே இணைத்துவிட்டார்கள். அதன் உள்சுருளின் பரப்பு சுமார் 1 சதுர மீட்டர். ஹீட் பம்ப்பின் மிதமான சூட்டுக்கு 3 சதுர மீட்டர் அளவுக்கு வேண்டும். 200 லிட்டரை 15-லிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக 8 யூனிட் வெப்பம் தேவை. சின்னச் சுருள் வழியாக அது இறங்காமல், கடைசிப் பத்து டிகிரியை ஒவ்வொரு நாளும் துணை ஹீட்டர்தான் ஏற்றிக்கொண்டிருந்தது.

இதே கம்பெனி, ஹீட் பம்ப் வேண்டாம் என்பவர்களுக்கு ‘கரண்டே இழுக்காத’ பேனல் ஹீட்டர் விற்கிறது. இதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. எண்ணெய் நிரப்பியது, செராமிக், ஜெல், கண்ணாடிப் பேனல், ஃபேன் வைத்தது எதுவானாலும் 1 யூனிட் கரண்டுக்கு 1 யூனிட் வெப்பம், கூடாது குறையாது. 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். இன்ப்ராரெட் பேனல் ஆள் மேலேயே சூட்டை வீசுவதால், உட்கார்ந்திருக்கும் ஒரு மூலைக்கு மட்டும் போட்டுக்கொண்டால் கொஞ்சம் மிச்சம் உண்டு. முழு வீட்டுக்கும் என்றால் அதுவும் இல்லை. டெமோவில் கிளாம்ப் மீட்டரை (ஒயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்டை அளப்பது) எப்போது மாட்டுகிறார்கள் என்று கவனியுங்கள், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வெட்டிய பிறகுதான். ‘நாளுக்கு 4 மணி நேரம்தான் ஓடும்’ என்ற அனுமானத்தில்தான் கொட்டேஷனின் சேமிப்புக் கணக்கு முழுக்க நிற்கும். மேலே சொன்ன 18,700 யூனிட் வெப்பத்தையும் பேனலில் எடுத்தால் மீட்டரிலும் 18,700 ஓடும். பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று இலவசமாகத் தரும் ‘பவர் சேவர்’ டப்பா பற்றி ஒரு வரி போதும்: வீட்டு மீட்டர் கணக்கிடுவதை அது தொடவே தொடாது.

பேனல் ஹீட்டரில் பில்லைவிடப் பயப்பட வேண்டியது வயரிங். ஆறு அறைக்கு ஆறு 2 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 52 ஆம்பியர். அடுப்பும் வெந்நீர் ஹீட்டரும் சேர்ந்து ஓடும் ராத்திரியில் 60 ஆம்பியர் மெயின் தாங்காது. ‘இருக்கிற வயரிங் போதும்’ என்று கொட்டேஷனில் எழுதியிருந்தால், எந்த சர்க்யூட், என்ன சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சாக்கெட்டின் ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் லூசாக இருந்து அங்கே 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு முனையில் மட்டும் 15 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து விடியவிடிய ஓட்டுவதற்குச் சமம். பிளக்கின் ஒரு கால் மட்டும் பழுப்பேறி, பக்கத்துப் பிளாஸ்டிக் பளபளப்பு போய் மங்கியிருந்தால் அன்றே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகவே வேண்டாம்.

கொட்டேஷனில் இல்லாமல் பின்னால் வருகிற செலவுகளும் உண்டு. மெயினையும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டையும் மாற்றுவது, கேஸ் லைனை முறையாக மூடுவது, பழைய ஆயில் டேங்க்கை அப்புறப்படுத்துவது எல்லாம் அதில் சேரும். அடுப்பு மட்டும் கேஸில் இருந்தால், மாதாமாதம் கட்டும் நிலையான கட்டணம் தொடர்ந்து ஓடும். பரண் இன்சுலேஷன் போடுவதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மெஷின் அளவு எடுங்கள், தலைகீழாகச் செய்தால் பெரிய மெஷின்தான் மிஞ்சும். கூரை மரத்தின் அடியில் நுரை தெளிக்கிறேன் என்பவரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள். ஈரம் உள்ளே சிக்கினால் மரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது.

இந்த வீட்டில் பிறகு ஓரளவு சரிசெய்ய முடிந்தது. துணை ஹீட்டரை -5 டிகிரிக்குக் கீழே மட்டும் என்று மாற்றினார்கள். வெளிக்குளிருக்கு ஏற்ப தண்ணீர்ச் சூடு மாறும் அமைப்பை உயிர்ப்பித்து, உச்சத்தை 55-ல் நிறுத்தினார்கள். பஃபர் டேங்க்கின் குழாய் இணைப்பையும் மாற்றினார்கள். 16 கிலோவாட் மெஷின் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு மருந்தில்லை.

இந்த மாற்றங்களைச் செய்யவே மெஷினின் உள் மெனுவுக்கு பாஸ்வேர்ட் வேண்டியிருந்தது, கம்பெனி மூன்று மாதம் இழுத்தடித்தது. எனவே கடைசித் தவணை, ஒரு பத்து சதவீதமாவது, உங்கள் கையில் இருக்கும்போதே நாலு விஷயத்தை வாங்கிவிடுங்கள்: அறைவாரி வெப்பக் கணக்கு, குழாய் இணைப்பின் வரைபடம், தண்ணீர் ஓட்டமும் வெப்பநிலையும் எழுதிய கமிஷனிங் ஷீட், அந்த பாஸ்வேர்ட். முதல் குளிர் வாரத்தில் மெனுவைத் திறந்து கம்ப்ரஸர் ஸ்டார்ட் எண்ணிக்கையையும் துணை ஹீட்டர் மணி நேரத்தையும் போட்டோ எடுங்கள், ஏழு நாள் கழித்து அதே நேரத்தில் இன்னொரு போட்டோ. ஒரு மணி நேரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் ஸ்டார்ட் ஆகியிருந்தாலோ, உறைகுளிர் இல்லாத வாரத்தில் துணை ஹீட்டர் மணி ஏறியிருந்தாலோ, இரண்டு படங்களையும் தேதியோடு கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு, சரியாகும்வரை தவணையைப் பிடித்து வையுங்கள்.