வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: யாரிடம், எங்கே, எந்த வழியில்?

பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில்தான் இது தட்டுப்படும். புராஸ்டேட்டுக்காகவோ கல்லுக்காகவோ போனவரின் ரிப்போர்ட்டில் 'அயோர்ட்டிக் அனியூரிசம்' என்று ஒரு வரி இருக்கும்; இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய் வீங்கியிருக்கிறது என்று பொருள். எந்த ஆஸ்பத்திரி என்று அலைவதற்கு முன் அளவைப் பாருங்கள். அந்த இடத்தில் பெருந்தமனியின் இயல்பான குறுக்களவு சுமார் 2 செ.மீ.; 3 செ.மீ. ஆனால் வீக்கம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. வரும்போதுதான் பொதுவாக அறுவை சிகிச்சை. அதற்கு முன்பே செய்வதால் ஆயுள் கூடவில்லை என்று பிரிட்டன், அமெரிக்க ஆய்வுகள் காட்டிவிட்டன. வலி இருந்தாலோ, ஆறு மாதத்தில் அரை செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ கதை வேறு. அப்படி எதுவும் இல்லாத 4.3 செ.மீ. வீக்கத்துக்கு 'உடனே ஆபரேஷன் செய்துவிடலாம்' என்று அவசரப்படுத்தும் இடத்தை அப்போதே கழித்துவிடலாம்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. வளைந்து போகும் தமனியைச் சாய்வாக வெட்டிப் பார்த்தால் குறுக்களவு கூடித் தெரியும். சிடி ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) ரத்தக்குழாயின் போக்குக்குச் செங்குத்தாக அளந்தார்களா என்று கேளுங்கள். வயிற்று அல்ட்ராசவுண்டில் அளவு சிடியைவிடச் சில மி.மீ. குறைவாகவே வரும், இரண்டையும் ஒப்பிட்டு 'வளர்ந்துவிட்டது' என்று பதற வேண்டாம். பிலிம் போதாது, ஸ்கேன் படங்கள் முழுவதும் உள்ள குறுந்தகட்டை வாங்கி வையுங்கள். இரண்டாவது கருத்துக்கு அதுதான் உதவும்.

யாரிடம் போவது என்பதை வீக்கம் இருக்கும் இடமே முடிவு செய்யும். இதயத்தை ஒட்டிய ஏறுதமனி என்றால் இதய அறுவை நிபுணர். இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டும். மார்புக்குள் இறங்கும் பகுதியில் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. அதைப் பெரிய மையங்களுக்கே விட வேண்டும். இனிச் சொல்வதெல்லாம் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வரும், அதிகம் காணப்படும் வகையைப் பற்றி.

இங்கே இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, வயிற்றைத் திறந்து, மேலும் கீழும் கிளாம்ப் போட்டு, வீங்கிய பகுதிக்குள் டாக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயைத் தைப்பது. மற்றது ஈவார் (EVAR): தொடையிடுக்குத் தமனி வழியாக, துணி போர்த்திய கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் கிராஃப்டை உள்ளே ஏற்றி விரிப்பது. பிரிட்டனின் ஈவார்-1 ஆய்வில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் திறந்த அறுவையில் 4.7 சதவீதம், ஈவாரில் 1.7 சதவீதம். இத்தோடு நிறுத்தினால் ஈவார்தான் என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வை 15 ஆண்டுகள் தொடர்ந்தபோது, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை திரும்பியது: ஈவார் செய்தவர்களிடையே பிற்கால இறப்பும் மறு சிகிச்சையும் கூடின.

காரணம் கசிவு. கிராஃப்டின் நுனி தமனிச் சுவரோடு சரியாகப் பொருந்தாவிட்டாலோ, அதன் துண்டுகள் இணையும் இடம் விலகினாலோ, வீக்கப் பைக்குள் மறுபடி அழுத்தம் ஏறும்; அது வெடிக்கலாம். முதுகுப் பக்கக் கிளைத் தமனிகளிலிருந்து பின்னோக்கி வரும் கசிவு பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடியது. மற்ற இரண்டும் விட்டுவைக்கக் கூடாதவை. அதனால் ஈவாருக்குப் பின் ஒரு மாதத்தில் சிடி, பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன், வாழ்நாள் முழுக்க. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று இரண்டாம் ஆண்டே நிறுத்திவிடக் கூடியவருக்கு ஈவார் நல்ல தேர்வல்ல.

திறந்த அறுவைக்கு விலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும்: ஐசியு, ஒரு வாரம் பத்து நாள் படுக்கை, பழைய தெம்பு வர இரண்டு மூன்று மாதம். மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பெருங்குடலுக்கு ரத்தம் குறைவது, பின்னாளில் தழும்பில் குடலிறக்கம் ஆகியவை இதன் சிக்கல்கள். ஆகவே, அறுபதுகளின் தொடக்கத்தில் இதயமும் நுரையீரலும் திடமாக இருப்பவருக்குத் திறந்த அறுவையே எங்கள் முதல் யோசனை. எழுபத்தைந்தைத் தாண்டியவருக்கு, உடலமைப்பு இடம்கொடுத்தால், ஈவார். உடலமைப்பு என்றால் முக்கியமாகச் சிறுநீரகத் தமனிக்குக் கீழே உள்ள 'கழுத்து'. அது 10 முதல் 15 மி.மீ. நீளமாவது, அதிகம் வளையாமல் இருக்க வேண்டும். கழுத்து சரியில்லாத இடத்தில் சாதாரண கிராஃப்டை வைத்துச் சமாளிப்பதுதான் பின்னாளில் வரும் பல கசிவுகளின் மூலம்.

இப்போது ஆஸ்பத்திரி. ஊருக்குப் பக்கத்து நர்சிங் ஹோம், நகரத்து கார்ப்பரேட், அரசு அல்லது அறக்கட்டளைக் கல்வி மருத்துவமனை என மூன்று வகை நம் முன்னால் இருக்கும். முதல் வகையில் பெரும்பாலும் நிபுணர் வெளியிலிருந்து வந்து செய்துவிட்டுப் போவார். இரவு இரண்டு மணிக்குக் கால் சில்லிட்டு அதில் நாடி நின்றால் யார் வருவார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்காது. அறை எவ்வளவு வசதியாக இருந்தாலும் இந்த அறுவைக்கு அது வேண்டாம்.

கார்ப்பரேட்டில் ஹைபிரிட் தியேட்டர் இருக்கலாம்; ஈவார் நடுவில் தவறினால் அதே மேஜையில் வயிற்றைத் திறக்க முடியும். ஆஞ்சியோ செய்யும் வெறும் கேத் லேபில் அது எளிதல்ல. ஆனால் செலவில் பெரும்பங்கை கிராஃப்டே விழுங்கிவிடும். பேக்கேஜில் கூடுதல் துண்டுகள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா போன்ற இடங்களில் ரத்தநாள அறுவைப் பிரிவு உண்டு. அங்கே காத்திருப்புதான் சுமை. 5.6 செ.மீ. வீக்கம் வலியில்லாமல் இருந்தால் சில வாரம் காத்திருக்கலாம், 7 செ.மீ. என்றால் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், கிராஃப்ட் விலை எவ்வளவு அடங்கும் என்பதைக் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்பது நல்லது.

பிரிட்டனில் மருத்துவமனை வாரியான இறப்புக் கணக்கைப் பொதுவில் பார்க்கலாம். இங்கே அப்படி இல்லை, நாம்தான் கேட்க வேண்டும். போன ஆண்டு திறந்த அறுவை எத்தனை, ஈவார் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை? இரண்டு வழியும் சேர்த்து ஆண்டுக்கு 20க்குக் குறைவாகச் செய்யும் மையத்தில் வேண்டாம் என்றது 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல். திறந்த அறுவைக்கு ஆண்டுக்குப் பத்தாவது, இறப்பு 5 சதவீதத்துக்குள் என்கிறது 2018 அமெரிக்க வழிகாட்டுதல். கிராஃப்டின் அளவை முடிவு செய்வது யார் என்றும் கேளுங்கள். கம்பெனி ஆள் உதவலாம், ஆனால் கணக்கு டாக்டரின் கையில் இருக்க வேண்டும். ரத்த வங்கி, டயாலிசிஸ், இதயப் பிரிவு மூன்றும் அதே வளாகத்தில் உண்டா?

எல்லாவற்றையும்விட நாங்கள் பெரிதாகப் பார்ப்பது ஒன்று: இரண்டு முறையையும் வாடிக்கையாகச் செய்பவரா? ஈவார் மட்டும் தெரிந்தவரிடம் போனால் கழுத்து குட்டையாக இருந்தாலும் ஈவார்தான் கிடைக்கும். திறந்த அறுவை மட்டும் செய்பவரிடம் எண்பது வயதுக்காரருக்கும் வயிற்றைத் திறப்பார்கள். 'உங்களுக்கு இது ஒத்துவராது, காரணம் இது' என்று படத்தைக் காட்டிச் சொல்பவர் கிடைத்தால், அவருக்காக நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் போகலாம்.

வீக்கம் இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலியும் தலைசுற்றலும் வந்தால் இந்த ஒப்பீடு எதுவும் செல்லாது. கல் வலி என்று ஊசி போட்டுப் படுக்க வைப்பதில்தான் நேரம் போகிறது. 108ஐ அழைத்து, 'பெருந்தமனி வீக்கம் இருக்கிறது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தநாள அறுவை நடக்கும் பக்கத்து மருத்துவமனைக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், பழைய ஸ்கேன் குறுந்தகடும் கையோடு போகட்டும்.