ஒரே பெக்கேஜ், மூன்று இடங்கள்: நான்கு வருடம் பாவித்த அனுபவம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கொழுந்து மடுவத்துக்காக (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம்) 2021இல் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜ், அதாவது பல புரொஜெக்ட்டில் சேர்த்துப் பாவிக்கும் நிரல் பொதி, எழுதினேன். தராசு காட்டும் எடையில் சாக்கு எடையைக் கழித்து, மீதிக் கிலோவைச் சொல்லும். அதை மூன்று இடங்களில் ஓட்ட வேண்டியிருந்தது: பல கோப்புகளைப் பிரவுசருக்காகச் சேர்த்துக் கட்டும் (பில்ட்) கருவியான வெப்பேக் 4இல் கட்டிய பழைய ஆபீஸ் பக்கம், அதே வேலை செய்யும் வீட் (Vite) கருவியில் கட்டிய புதிய போன் பக்கம், பிரவுசர் இல்லாமல் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஓடும் மாலை ரிப்போர்ட். கணக்கு எழுத ஒரு நாள்தான் ஆனது. மூன்றிலும் ஒழுங்காக ஓட வைக்கத்தான் வருடங்கள் போயின.

நோட் ஜேஎஸ் 2009இல் வந்தபோதிருந்தே இன்னொரு கோப்பை உள்ளே எடுக்க ரிக்வயர் என்று எழுதும் கொமன்ஜேஎஸ் முறைதான் பழக்கம். அதே வேலைக்கான இம்போர்ட், எக்ஸ்போர்ட் (இஎஸ் மொடியூல் முறை) மொழியின் தரத்துக்குள் வந்தது 2015இல். இரண்டும் இன்னமும் கலந்துதான் கிடக்கின்றன. அதனால் அப்போது எல்லாரும் சொன்னபடி நானும் இரட்டை பில்ட் போட்டேன். பெக்கேஜின் விவரங்களைச் சொல்லும் பெக்கேஜ் ஜேசன் கோப்பின் எக்ஸ்போர்ட்ஸ் பகுதியில், இம்போர்ட் செய்தால் ஒரு கோப்பு, ரிக்வயர் செய்தால் இன்னொன்று.

ஆறு மாதம் பிரச்சினையே இல்லை. அப்புறம் ஒரு மழை நாள் மாலை கணக்கப்பிள்ளை அண்ணன் போன் எடுத்தார். "தம்பி, திரையில 21.5 கிலோ, தாளில 22 கிலோ. நான் எதைச் செக்ரோல்ல எழுதுறது?" செக்ரோல் என்றால் சம்பளம் போடும் பதிவேடு.

அரை கிலோதான். ஆனால் கொழுந்து பறித்த அக்காவுக்கு அது கைக்காசு. அன்றிரவு தூங்கவில்லை.

காரணம் இதுதான். ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் என் பெக்கேஜை இம்போர்ட் செய்தது. அது கூப்பிட்ட பழைய பிரிண்ட் கோப்பு அதே பெக்கேஜை ரிக்வயர் செய்தது. நோட் இரண்டு கோப்புகளையும் தனித்தனியாக ஏற்றி, ஒரே பெக்கேஜின் இரண்டு பிரதிகளை நினைவகத்தில் வைத்திருந்தது. சாக்கு எடை அரை கிலோ என்று நான் ஒரு பிரதிக்குத்தான் சொல்லியிருந்தேன். மற்றதில் அது பூச்சியமாகவே இருந்தது. இரண்டு பக்கமும் வந்த எடை கிளாஸை (எடைக்கான நிரல் அச்சு) மூன்று சமன்குறி போட்டு, இரண்டும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டேன். பொய் என்று வந்தது. பெயர் ஒன்று, நிரல் ஒன்று, ஆள் வேறு.

உடனே செய்த மாற்றம்: கணக்கு முழுவதையும் கொமன்ஜேஎஸ் கோப்பிலேயே வைத்து, இம்போர்ட்டுக்கான கோப்பு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதோடு நிற்கும்படி மாற்றினேன். பிரதி ஒன்றானது, கணக்கும் ஒன்றானது. மூன்று வருடம் அப்படியே ஓடியது.

டிஃபோல்ட் எக்ஸ்போர்ட்டும் (பெயர் சொல்லாமல் ஒன்றை வெளியே கொடுப்பது) நிறையப் படுத்தியது. புதிய ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய வடிவுக்கு மாற்றும் பேபல் கருவி கொமன்ஜேஎஸ்ஸாக மாற்றிக் கொடுத்த நிரலை வெப்பேக்கின் சாதாரண ஜேஎஸ் கோப்பில் இம்போர்ட் செய்தால் நேரே ஃபங்ஷன் வரும். நோட்டில் அதே வரியை எழுதினால் முழு ஒப்ஜெக்ட் வரும், ஃபங்ஷன் அதற்குள்ளே இருக்கும். பெயர் வைத்த எக்ஸ்போர்ட் மட்டும் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வெப்பேக் 4 எக்ஸ்போர்ட்ஸ் பகுதியைப் பார்ப்பதே இல்லை. அதற்காகப் பெக்கேஜ் ஜேசனில், எந்தக் கோப்பை எடுப்பது என்று சொல்லும் பழைய மெயின் வரியை விட்டு வைக்க வேண்டும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒப்ஷனல் செயினிங்கையும் (மதிப்பு இல்லாவிட்டால் பிழை வராமல் காக்கும் எழுத்துமுறை) அது படிக்காது. நிரலை 2019ஆம் வருட ஜாவாஸ்கிரிப்ட் அளவுக்கு இறக்கித்தான் அனுப்புகிறேன்.

2025இல் இரட்டை வழியை முழுதாக விட்டுவிட்டேன். நோட் 22.12இலிருந்து, பிறகு 20.19இலும், இஎஸ் மொடியூலை ரிக்வயர் செய்தாலும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே நிபந்தனை, மொடியூலின் மேல்மட்டத்தில், அதாவது எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, அவெய்ட் (ஒரு வேலை முடியும்வரை காத்திரு என்ற சொல்) இருக்கக்கூடாது. இப்போது ஒரே ஒரு இஎஸ் கோப்பு, மூன்று இடத்திலும் அதுதான். பழைய நோட்டில் ஓடுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம், கொமன்ஜேஎஸ் உள்ளே, மெல்லிய இம்போர்ட் கோப்பு வெளியே என்ற வழி அவர்களுக்குப் போதும்.

ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால், பெக்கேஜை ஒரே கோப்பாகக் கட்டும் என்பிஎம் பேக் கட்டளையைக் கொடுத்து, வரும் கோப்பை மூன்று புரொஜெக்ட்டிலும் போட்டு, 22 கிலோ எடைக்கு 21.5 வருகிறதா என்று பார்க்கிறேன். மழைக்கு சிக்னல் போனாலும் இது லெப்டொப்பிலேயே நடக்கும். ஆபீஸ் பக்கத்தை வெப்பேக் 4இலிருந்து மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. அது முடிந்தால் மெயின் வரியையும் எடுத்துவிடலாம்.